படலையடியில் வரும் வசனம்

கொமடி ஒடிஷனில் யாரும் சிரிக்கமாட்டார்கள். நடிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும் அந்த மௌனத்தின் முன்னால் போய் நிற்கும்போது வயிற்றுக்குள் ஏதோ செய்யத்தான் செய்கிறது. யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்து மேடையில் ஒரு பகிடியைச் சொன்னால், முன்வரிசையில் தொடங்குகிற சிரிப்பு பின்வரிசைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்தை விட்டுத்தான் அடுத்த வசனத்தை எடுப்போம். சிரிப்பு கூடினால் இன்னும் கொஞ்சம் நிற்போம், குறைந்தால் கெதியாகத் தாண்டிப் போவோம். சனம்தான் நடிகருக்குத் தாளம் பிடிக்கிறது. ஒடிஷன் அறையில் அந்தத் தாளம் இல்லை. மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள் காலையிலிருந்து அதே ஒன்றரைப் பக்கத்தை வேறு வேறு வாயால் கேட்டுக் களைத்துப் போயிருப்பார்கள். ஒருவர் எழுதிக்கொண்டிருப்பார். ஒருவர் உங்களைப் பார்க்காமல் மொனிற்றரில் தெரிகிற உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கமராத் தம்பிக்கு ஃபோகஸ் தவறக்கூடாது என்ற கவலை. அங்கே சிரிப்பைத் தேடி நடிக்கத் தொடங்கினால் வசனம் பெரிதாகிக்கொண்டே போகும், ஆள் காணாமல் போய்விடுவார்.

யாழ்ப்பாணத்திலேயே எடுக்கப்போகிற ஒரு குடும்பக் கொமடித் தொடருக்கு நடிகர்கள் தேவை என்று வாட்ஸ்அப்பில் ஓர் அறிவித்தல் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறவள் என்பதால் அது பல பக்கத்தாலும் என்னிடம் வந்தது. பழைய மாணவர்கள் அனுப்பினார்கள், கூட நடித்தவர்கள் அனுப்பினார்கள். நடுத்தர வயதுப் பெண், யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு, நகைச்சுவைப் பாத்திரம் என்று இருந்தது.

எங்கள் ஊரில் பெண்ணுக்கென்று ஒரு நகைச்சுவைப் பாத்திரத்தை எழுதி, அதற்கு ஒரு பெண்ணையே தேடுவது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. கூத்திலும் இசை நாடகத்திலும் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலம் நீண்டது. பபூனாக வந்து சனத்தைச் சிரிக்க வைப்பவரும் ஆண்தான். பிறகு நாங்கள் மேடைக்கு வந்தோம். ஆனால் போர்க்காலத்து மேடையில் பெண்ணின் பங்கு பெரும்பாலும் துயரத்தைச் சுமப்பதாக இருந்தது. காணாமல் போன பிள்ளையைத் தேடும் தாய், வழி பார்த்திருக்கும் மனைவி, இடம்பெயர்ந்து நடக்கும் கிழவி. அந்த வேடங்கள் அந்தக் காலத்துக்குத் தேவையாக இருந்தன. அவற்றில் நானும் நின்றிருக்கிறேன், இன்றைக்கும் அவற்றை மதிக்கிறேன். என்றாலும் இந்த ஊரில் ஆட்களைச் சிரிக்க வைப்பது யார் என்று பார்த்தால், கிணற்றடியிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும் பெண்கள்தான். செத்தவீட்டில் கூட, அழுகைக்கு நடுவில் ஒரு கிழவி ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போவார். அழுதுகொண்டிருந்தவர்கள் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். சொன்னவரின் முகத்தில் ஒரு சின்ன அசைவு கூட இருக்காது. திரையிலும் மேடையிலும் இந்தப் பெண்களை நான் அனேகமாகக் கண்டதே இல்லை. திரையில் வருகிற பகிடிக்காரி கத்துவாள், அகப்பையை எறிவாள், புருசனைத் துரத்துவாள். அவ்வளவுதான்.

அதனால்தான் விண்ணப்பித்தேன். ஒடிஷனுக்கு முதல்நாள் இரவு காட்சியின் பக்கங்களை ஃபோனுக்கு அனுப்பினார்கள்.

காட்சி இதுதான். ஊரில் சீட்டுப் பிடிக்கிற ஓர் அக்கா. முன்வீட்டுக்காரி சீட்டை ஆரம்பத்திலேயே எடுத்துவிட்டு, பிறகு மாதக் காசைக் கட்டாமல் இருக்கிறாள். அக்கா காசு கேட்கப் போகிறார். உள்ளே போய் இருந்து, மகனின் சோதினையை விசாரித்து, தேத்தண்ணீர் குடித்து, மாமரம் காய்த்திருப்பதைப் பார்த்து, வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சி எப்போது வருகிறாள் என்று கேட்டு, காசைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்புகிறார். வேலிக் கதவான படலையடிக்குப் போனதும் திரும்பி நின்று, “என்ர காசு எங்கையடி!” என்று பெரிய சத்தம் போட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார். அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் ‘எல்லோரும் சிரிப்பு’ என்று எழுதியிருந்தது.

அந்த எழுத்தாளர் யாரென்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் எழுதியவர் இந்த ஊர் ஆள் என்பது முதல் பக்கத்திலேயே விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக்கு வந்தவர் எதற்காக வந்தார் என்பது அவர் கதிரையில் இருக்கும்போது தெரியவராது. எழும்பி, “சரி, நான் வாறன்” என்று சொல்லி, செருப்பைப் போட்டு, முற்றத்தைத் தாண்டி, படலைக் கொழுக்கியில் கை வைத்த பிறகுதான் வந்த விஷயம் வெளியில் வரும். கலியாணப் பேச்சும் அப்படித்தான், கடன் கேட்பதும் அப்படித்தான், காணி எல்லைப் பிரச்சினையும் அப்படித்தான். அரை மணித்தியாலம் உள்ளே இருந்து கதைத்ததெல்லாம் படலையடியில் சொல்லப்போகிற ஒரு வசனத்துக்காக. வீட்டுக்காரருக்கும் அது தெரியும். வந்தவருக்கும், அவருக்குத் தெரியும் என்பது தெரியும். இரண்டு பேரும் மாமரத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நடிகைக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது. மனதுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைக் கதைப்பதுதானே எங்கள் தொழில்.

எனக்கு உறுத்தியது கடைசி வசனம் மட்டும்தான். அரை மணித்தியாலம் அடக்கி வைத்திருந்தவள் படலையடியில் கத்துவாளா? கத்தக்கூடியவள் என்றால் வாசலிலேயே கத்தியிருப்பாளே. சீட்டுப் பிடிக்கிறவளுக்கு ஊருக்குள் இருக்கிற நல்ல பெயர்தான் முதல். முன்வீட்டுக்காரியோடு சண்டை பிடித்த செய்தி பரவினால் மற்றவர்கள் அடுத்த சீட்டுக்கு வரமாட்டார்கள். அதனால் அவள் கத்தமுடியாது. கத்தவும் முடியாமல், காசை விடவும் முடியாமல் நிற்கிறாளே, அந்த இடத்தில்தான் எனக்குப் பகிடி தெரிந்தது. என் பெரியம்மா ஒருவர் கன காலம் சீட்டுப் பிடித்தவர். காசு நிலுவையில் இருக்கிற வீட்டுக்குப் போகும்போதுதான் அவர் மிக மரியாதையாகக் கதைப்பார். நிலுவை கூடக் கூட மரியாதையும் கூடும். ‘நீர்’ என்று கதைக்கிறவரோடு ‘நீங்கள்’ என்று தொடங்குவார். அந்த நேரத்தில் அவரோடு கூடப் போகிற எங்களுக்குச் சிரிப்பை அடக்குவது பெரிய பாடு.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட ஓர் ஒழுங்கைக்குள் இருந்த வீட்டில்தான் ஒடிஷன். விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். யூடியூப்பில் குறும்பகிடிகள் செய்கிற பெடியள் ஒரு பக்கம், தங்கள் ஃபோனிலேயே ஒருவரை ஒருவர் எடுத்துப் பார்த்துக்கொண்டு. இசை நாடகத்தில் நடித்து வந்த ஒரு பெரியவர் வேட்டியோடு வந்து, பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் ‘செல்ஃப் டேப்’ என்றால் என்ன என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை பொறுமையாக விளங்கப்படுத்தியது. வீட்டில் நீங்களே கமராவை வைத்து நடித்து அனுப்புவது, பின்னால் வெறும் சுவர் இருக்கவேண்டும், வெளிச்சம் முகத்தில் விழவேண்டும், எதிர் ஆளின் வசனத்தை வேறொருவர் கமராவுக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கவேண்டும் என்று. பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப சனம்?” என்று மட்டும் கேட்டார்.

காத்திருக்கும்போது எனக்குள் ஓடியதெல்லாம் நாங்கள் எந்தச் சிரிப்பில் வளர்ந்தோம் என்பதுதான். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சிலேயே நாடகம் எழுதி, நான்கு நாடகங்களை ‘நானாடகம்’ என்று 1940இல் புத்தகமாக்கினார். மேடைத் தமிழ் என்றால் இலக்கணத் தமிழ்தான் என்றிருந்த காலம். அவருடைய பாத்திரங்கள் வீட்டில் கதைப்பதைப் போலவே கதைத்தன. ஊரில் பெரிய மனிதராக நடமாடுகிறவரின் மிடுக்கை அவருடைய பேச்சை வைத்தே அவர் காட்டினார். பிறகு வானொலி. எழுபதுகளில் இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’ கேட்டவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ராம்தாஸ் மரைக்காராகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும் வந்த அந்தத் தொடர் பிறகு 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் கதைக்கிற தமிழ் என்று ஒவ்வொருவரும் தன் தன் பேச்சில் கதைப்பார்கள். ஒருவருடைய பேச்சு மற்றவருக்கு விளங்கும். அதை இன்றைக்கு நினைக்கும்போது எனக்குச் சிரிப்போடு வேறொரு உணர்வும் வருகிறது. அப்படிப் பலரும் ஒரே திண்ணையில் இருந்து கதைக்கிற நாடு ஒன்று அந்த வானொலிப் பெட்டிக்குள் இருந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’. கரவெட்டிக்காரர், 2014இல் கனடாவில் காலமானார். பஸ் கொண்டக்டர் ஒருவரை அவர் தனி ஆளாக நடித்துக் காட்டுவார். மேடையில் பஸ்ஸும் இல்லை, பயணிகளும் இல்லை. அவர் ஒருவர்தான். ஆனால் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், சில்லறைக்குச் சண்டை பிடிக்கிறவர்கள் எல்லாரையும் நாங்கள் காண்போம். நான் மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டும்போது ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். அந்தக் கொண்டக்டர் ஓர் இடத்திலும் பகிடி விடவில்லை. அவருக்கு பஸ் நேரத்துக்குப் போகவேண்டும், இன்னும் பத்துப் பேரை ஏற்றவேண்டும், டிக்கெட் காசு வாங்கவேண்டும். முழுக்க முழுக்க வேலையில் நிற்கிற ஒரு மனிதன். சிரிப்பு எங்களுடையது, அவருடையது இல்லை. போர்க்காலத்தில் மின்சாரம் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட வீடுகளில் நாங்கள் வளர்ந்தோம். அப்படிக் கை நோகச் சுற்றிக் கேட்ட சனம் சிரிப்பைச் சின்ன விஷயமாக எண்ணியிருக்கமாட்டார்கள்.

சரி, என்னைக் கூப்பிட்டார்கள்.

அறைக்குள் ஒரு எல்.ஈ.டி. விளக்கு, ஒரு கமரா, தரையில் நான் நிற்கவேண்டிய இடத்துக்கு ஒட்டிய ரேப். சத்தம் மைக்கில் விழும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். முதலில் பெயர், ஊர், முன் அனுபவம். பிறகு முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம். இது எல்லா ஒடிஷனிலும் உள்ளதுதான். எதிர் வசனத்தை ஓர் உதவியாளர்த் தம்பி கமராவுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தார். நடிக்காமல், செய்தி வாசிப்பதைப் போல. பலருக்கு இது பிடிக்காது. எனக்கு அது உதவி. எதிரில் இருப்பவள் முகம் கொடுக்காமல் இருக்கிறாள் என்றால் சீட்டுக்கார அக்காவுக்கும் அதுதானே பிரச்சினை.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். ஃபிரேம் எவ்வளவு என்பது முதலாவது. இடுப்புக்கு மேலே என்றார்கள். இது முக்கியமான விஷயம். மேடையில் நாங்கள் முழு உடம்பாலும் கதைப்போம். கமரா எதைப் பார்க்கிறது என்று தெரியாவிட்டால் கைவேலையெல்லாம் ஃபிரேமுக்குக் கீழே போய் வீணாகிவிடும். சீலைத் தலைப்பை முறுக்குகிற கையை நெஞ்சளவுக்கு உயர்த்தி வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி, “தம்பி, இந்த அக்கா எந்த ஊர்?” என்பது.

டிரெக்டர் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு நிமிர்ந்தார். என்னைவிட வயது குறைந்தவர். “யாழ்ப்பாணம்தான் அக்கா.”

“யாழ்ப்பாணத்திலை எங்கை?”

அந்தக் கேள்வியை நான் வீம்புக்குக் கேட்கவில்லை. பருத்தித்துறைப் பெண் ஒரு வசனத்தை இழுத்து முடிக்கிற இடமும் சாவகச்சேரிப் பெண் முடிக்கிற இடமும் ஒன்றல்ல. தீவுப்பக்கத்துப் பேச்சு வேறு. கேள்வி கேட்கும்போது குரல் எங்கே ஏறுகிறது என்பதை வைத்தே எங்கள் ஆச்சிமார் ஆளின் ஊரைச் சொல்லிவிடுவார்கள். சில வருசங்களுக்கு முன்பு வேறொரு தயாரிப்புக்கு வீட்டிலிருந்தே வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். “இது இலங்கைத் தமிழ் மாதிரி இல்லை, இன்னும் கொஞ்சம் கூட்டிச் செய்யுங்கள்” என்று பதில் வந்தது. அவர்கள் கேட்டது எங்கேயோ படங்களில் கேட்டுப் பழகிய ஒரு ராகத்தை. அந்த ராகத்தில் கதைக்கிற ஒரு மனிதரையும் நான் இந்தக் குடாநாட்டில் சந்தித்ததில்லை. எனக்கு அது ஆழமாக வலித்தது. நான் பிறந்து கதைக்கிற பேச்சை, நான் போதிய அளவு கதைக்கவில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். அந்த வேலையை நான் தொடரவில்லை.

இந்த டிரெக்டர் அப்படி இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாங்கள் அதை முடிவெடுக்கேல்லை. நீங்கள் எந்த ஊராச் செய்ய விருப்பம்?” என்று கேட்டார். என் அம்மாவின் ஊர் வடமராட்சியில். வடமராட்சிக்காரியாகச் செய்கிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த எழுத்தாளர்ப் பிள்ளை அதைக் குறித்துக்கொண்டார்.

முதல் தடவை எழுதியபடியே செய்தேன், கத்துவதையும் சேர்த்து. எழுதியவரின் வசனத்தை ஒரு தடவையாவது முழு மனதோடு சொல்லவேண்டும் என்பது நான் மாணவர்களுக்குச் சொல்வது. பாதியில் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது, அது போகும்வரை நின்று மறுபடியும் எடுத்தோம். முடிந்ததும் “நல்லம் அக்கா” என்றார்கள். அந்த ‘நல்லம்’ எந்த வகை என்று நடிகர்களுக்குத் தெரியும். நன்றி, போய்வாருங்கள் என்பதற்கு முந்தின நல்லம்.

“தம்பி, நேரம் இருந்தா கடைசி இடத்தை மட்டும் நான் நினைச்சபடி ஒருக்காச் செய்து காட்டட்டோ?”

“ஓம், செய்யுங்கோ.”

இரண்டாவது தடவை வசனத்தைக் குறைத்தேன். “சரி, நான் வாறன்” என்று திரும்பி, இல்லாத படலையில் கை வைத்து, நின்றேன். அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பதுதான் முழு விஷயமும். மேடையாக இருந்தால் சனத்தின் மூச்சை வைத்துத் தெரிந்துகொள்வேன். இங்கே பெரியம்மாவை நினைத்துக்கொண்டேன். கேட்டால் உறவு போகும், கேட்காவிட்டால் காசு போகும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுசி எவ்வளவு நேரம் நிற்பாளோ அவ்வளவு நேரம். பிறகு திரும்பி, மிகவும் அன்பாக, “பிள்ளை, நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ” என்றேன். அதற்குப் பிறகு இன்னொரு சின்ன இடைவெளி. “நான் நாளைக்கும் வருவன்.”

எதிர் வசனம் வாசித்துக்கொண்டிருந்த தம்பி முகத்தைத் தாளால் மறைத்துக்கொண்டார். காலையிலிருந்து செய்தி வாசிப்பதைப் போல வாசித்த பிள்ளை. எழுத்தாளர்ப் பிள்ளை பெரிதாகச் சிரிக்கவில்லை. “எங்கட அம்மம்மா” என்று மட்டும் சொன்னார், யாரிடமும் இல்லாமல்.

டிரெக்டருக்குக் குழப்பம். அதை அவர் மறைக்கவும் இல்லை. “எனக்குப் பிடிச்சிருக்கு அக்கா. ஆனா ரீவியிலை சனம் வீட்டு வேலை செய்துகொண்டு பாக்கும். கத்தினாத்தான் திரும்பிப் பாப்பினம் எண்டு சனல்காரர் சொல்லுவினம். சிரிப்புச் சத்தமும் பிறகு போடுவம், அதுக்கும் ஒரு இடம் வேணும்.”

இதை நான் தள்ளிவிட முடியாது. தொலைக்காட்சிக் கொமடிக்குச் சிரிப்பொலி பழைய துணை. 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரைச் சனத்தை முன்னால் இருத்தி மூன்று கமராக்களால் ஒரே நேரத்தில் எடுத்தார்கள். அந்தச் சிரிப்பு உண்மைச் சிரிப்பு. அந்தத் தொடரின் நடுவில் நின்றவர் லூசில் பால் என்ற பெண் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்க எனக்கு விருப்பம். அதே ஐம்பதுகளில் சார்ள்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியியலாளர் பதிவு செய்த சிரிப்புகளை வேண்டிய இடத்தில் எழுப்புகிற பெட்டி ஒன்றைச் செய்தார். பிறகு சனம் இல்லாமலே சிரிப்பு வந்தது. வெளியில் அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு ரீவிக்காரர் கண்டுபிடித்த பதில் அது. தனியாக வீட்டில் இருந்து பார்க்கிற ஒருவருக்குப் பக்கத்தில் நாலு பேர் சிரிப்பது துணையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கு இடம் விடுவதற்காக வசனத்தைக் கத்தலில் முடித்தால், மாமரமும் தேத்தண்ணீரும் எதற்கு? அவ்வளவு நேரம் கட்டிய கட்டிடத்தை நாங்களே இடித்துவிட்டுச் சிரிக்கச் சொல்வதா?

“சனம் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தானே தம்பி கதைக்குது. அவைக்கு விளங்காமல் இருக்குமோ?” என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

நான் நல்லூர்ப் பக்கத்தால் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அந்தக் கடைசி வசனத்தை இன்னும் எப்படிச் சொல்லலாம் என்பதே வாயில். இது கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த வேடம் வேண்டியிருந்தது. என் பெரியம்மாவைப் போன்ற ஒரு பெண் திரையில் மரியாதையோடு நின்று ஆட்களைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று வேண்டியிருந்தது.

மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை தனியாக இல்லை, இரண்டிரண்டு பேராக. என்னோடு வந்தவர் என்னைவிட வயது கூடியவர், வடமராட்சியிலேயே பிறந்து வளர்ந்தவர், கோயில் விழாக்களில் வில்லிசையில் இருந்த அனுபவம் உள்ளவர். முதலில் நான் சீட்டுக்காரி, அவர் கடன்காரி. பிறகு, “ஒருக்கா மாத்திச் செய்து பாப்பமோ?” என்றார் டிரெக்டர்.

மாற்றிச் செய்தபோதுதான் அந்தக் காட்சியின் மற்றப் பக்கம் எனக்குத் தெரிந்தது. கடன்காரி வாசலில் ஆளைக் கண்ட கணமே விஷயத்தை விளங்கிக்கொள்கிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே வேலை, காசுக் கதை வர ஓர் இடைவெளியும் விடாமல் உபசரிப்பது. தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பலகாரம். பலகாரம் முடிவதற்குள் மாங்காய். சீட்டுக்காரி வாயைத் திறக்கும்போதெல்லாம் அதற்குள் எதையாவது வைத்துவிடவேண்டும். தாளில் அவளுக்கு எழுதியிருந்த வசனம் கொஞ்சம்தான், ஆனால் காட்சியின் வேகம் முழுக்க அவள் கையில் இருந்தது. எதிரில் இருந்தவர் என் கையில் இருந்த இல்லாத தட்டைப் பார்த்து, “ஐயோ பிள்ளை, இப்பதானே…” என்று ஒதுங்கினார். நான் விடவில்லை. எங்கள் வீடுகளில் வேண்டாம் என்று சொல்வதற்கு மூன்று முறை இருக்கிறது, மூன்றாவது முறைதான் உண்மை. அது எழுத்தில் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசிவைக்கவும் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு சடங்கு, தானாக வந்தது.

அவர் படலையடிக்குப் போய் நின்றார். நான் நின்றதைவிடக் கூடுதலான நேரம். எனக்கு மூச்சு முட்டியது. கடன்காரியாக நின்று பார்க்கும்போது அந்த முதுகு திரும்பிவிடக்கூடாது என்று நான் உண்மையாகவே வேண்டிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பினார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாய்விட்டு, மைக்கில் விழும் என்ற கவலையில்லாமல். அவர் இன்னும் வசனத்தைத் தொடங்கவே இல்லை.

சீட்டுக்கார அக்கா வேடம் அவருக்குத்தான் கிடைத்தது. கிடைக்கவேண்டியவருக்குக் கிடைத்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பத்திரமாகப் பிடித்து வைத்திருந்த ஒன்றைக் கொடுத்ததைப் போல அன்றைக்கு இரவு கொஞ்சம் வெறுமையாக இருந்தது, அதுவும் உண்மை. எனக்குக் கடன்கார முன்வீட்டுக்காரி. முதலில் ஒரே காட்சிக்கு எழுதிய ஆளை இப்போது தொடர் முழுக்க வருகிற ஆளாக எழுதுகிறார்கள். எழுத்தாளர்ப் பிள்ளை ஃபோனில் கேட்கிற கேள்விகள் எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. இவள் எதற்காகச் சீட்டை முதலிலேயே எடுத்தாள்? அந்தக் காசு எங்கே போனது? புருசனுக்குத் தெரியுமா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் அவள் கடன்காரியாக மட்டும் நிற்கமாட்டாள். மகனைக் கொழும்பில் படிக்கவிட்ட செலவு என்று முடிவெடுத்திருக்கிறோம். தேத்தண்ணீர் கொடுக்கிற கைக்கு இப்போது ஒரு நடுக்கம் கிடைத்திருக்கிறது.

கத்தல் பற்றி இன்னும் முடிவில்லை. முதல் பகுதியை இரண்டு விதமாகவும் எடுத்து சனல்காரருக்குக் காட்டப்போகிறார்களாம். சிரிப்பொலி போடாமல் ஒரு பிரதியாவது காட்டுங்கள் என்று நானும் மற்ற அக்காவும் கேட்டிருக்கிறோம். படப்பிடிப்பு நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு. அந்த 25 நாளும் ஊரில் ஒருவரும் வேறு வேலைக்கு வரமாட்டார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வீடுகளும் நிரம்பியிருக்கும்.

இப்போதைக்குப் பெரிய பிரச்சினை வீடு. கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்று தேடியிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் மதில், இரும்புக் கேற். கேற்றடியில் அந்தக் காட்சி சரிவராது. கேற்றைத் திறக்க ஆள் வரவேண்டும், பூட்டவேண்டும், அந்தச் சத்தத்துக்குள் வசனம் போய்விடும். கிடுகு வேலியும், கொழுக்கி போட்ட பழைய படலையும், முற்றத்தில் ஒரு மாமரமும் உள்ள வீடு வேண்டும். கமரா வைக்க ஒழுங்கையில் கொஞ்சம் அகலம் வேண்டும். அப்படி ஒரு வீட்டை அறிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு வாடகை கொடுப்பார்கள், வேலிக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்வோம்.